கடலைப்பருப்பில் தெம்பே: வாழையிலையில் கட்டி வைத்துப் பார்த்த கதை

சோயாவில் செய்யும் தெம்பேயை நம் கடலைப்பருப்பில் செய்தால் எப்படி வரும் என்று பார்த்துவிட வேண்டும் என்பது கொஞ்ச காலமாகவே மனதில் இருந்தது. இந்த ஏப்ரலில் செய்தேன். ஒரு பக்கம் அரைக் கிலோ சோயா, இன்னொரு பக்கம் அரைக் கிலோ கடலைப்பருப்பு. இரண்டிலும் பாதியை ஜிப் கவரிலும் மீதியை வாழையிலையிலும் கட்டி, நான்கையும் ஒரே மேசையில் வைத்துக் கவனித்தேன். சென்னை வீடு, ஏசி இல்லாத அறை, மதியம் 33, 34 டிகிரி.

தெம்பே தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இந்தோனேசியாவின் ஜாவாவில் பிறந்த உணவு இது. வேகவைத்த சோயாவில் ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வித்துகளைக் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை நாள் வைப்பார்கள். பூஞ்சை வெள்ளை இழைகளாக வளர்ந்து, உதிரி உதிரியாக இருந்த பயறை ஒரே கட்டியாகப் பிணைத்துவிடும். அந்தக் கட்டியை வெட்டிப் பொரிக்கலாம், வதக்கலாம், குழம்பில் போடலாம். ஜாவாவில் அது விலை குறைந்த, அன்றாடப் புரதம். 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதே இல்லை. கிள்ளானில் இருக்கும் என் சித்தியிடம் போனில் சொன்னபோது, "இதுக்கா இவ்வளவு யோசிக்கிறே? இங்க பாசார்ல காலையில இலையோட வாங்கிட்டு வந்து அப்படியே நறுக்கிப் பொரிச்சிடுவோம்" என்றார்.

வெளிநாட்டுச் சமையல் ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது பொருள்களின் பட்டியலை அல்ல. அந்த வேலையில் எத்தனை பங்கு நம் வீட்டில் ஏற்கனவே நடக்கிறது என்பதைத்தான். தெம்பேயை அந்தக் கண்ணால் பார்த்தபோது எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஊறவைப்பது நமக்குத் தெரியும். புளிக்கவைப்பது தெரியும். இலையில் கட்டுவது தெரியும். குளிர்நாட்டுக்காரர்கள் 30 டிகிரி சூட்டுக்காகத் தனிப் பெட்டி செய்து, உள்ளே பல்பு எரியவிட்டு, தெர்மாமீட்டரோடு காவல் இருக்கிறார்கள். நமக்கு அந்தச் சூடு சமையலறை மேசையிலேயே இருக்கிறது. சோயா தெம்பேயில் ஆளைக் களைக்கவைக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான், தோல் நீக்குவது. பூஞ்சையின் இழையால் பயறின் தோலைத் துளைக்க முடியாது; பருப்பின் உள்சதையைத்தான் பற்றும். அதனால் ஒவ்வொரு பயறும் தோல் நீங்கி இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். நம் மளிகைக் கடையில் கடலைப்பருப்பு என்று எடை போட்டுக் கொடுப்பதே தோல் நீக்கி இரண்டாக உடைத்த பருப்புதான். ஆக, மிகவும் கடினமான வேலையை மில்காரர் முடித்துக் கொடுத்துவிட்டார்.

சோயாவின் தோலை நீக்கியபோது இந்த வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. இரவு முழுக்க ஊறிய சோயாவைப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிசைய வேண்டும். தோல் கழன்று மிதக்கும். அந்தத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி பிசைந்து, மறுபடி சாய்த்து. அரைக் கிலோவுக்கே ஒரு முழுப் பாட்டுக் கச்சேரி கேட்டு முடித்துவிடலாம். நூற்றுக்கு நூறு தோல் போக வேண்டியதில்லை, பத்தில் ஒன்பது பங்கு போனால் போதும். கடலைப்பருப்பில் இந்த வேலையே இல்லை. கழுவினேன், ஊறவைத்தேன், முடிந்தது.

கடலைப்பருப்பை எட்டு மணி நேரம் ஊறவிட்டேன். நம் ஊர்ச் சூட்டில் ஊறிய தண்ணீர் லேசாக நுரைத்து, புளித்த வாசம் வரும். பயந்து பருப்பைக் கொட்ட வேண்டாம், அது நல்ல அறிகுறி. ஜாவாவிலும் இரவு ஊறலில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகித் தண்ணீர் புளிக்கிறது. அந்தப் புளிப்புதான் கெட்ட பாக்டீரியாவை அண்டவிடாமல் வைத்து, பூஞ்சைக்கு வழிவிடுகிறது. குளிரான ஊர்களில் ஊறல் புளிக்காது என்பதால் வினிகர் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் ஊறல் புளித்தாலும் நானும் வினிகர் சேர்த்தேன். உலர்ந்த பருப்பு அரைக் கிலோவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், வேகவைத்து வடித்த பிறகு. கடைசியில் தின்னும்போது அந்தப் புளிப்பு துளியும் தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையப் புதுத் தண்ணீர் விட்டு, திறந்த பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். குக்கர் வேண்டாம். ஒரு விசில் கூடினாலும் கடலைப்பருப்பு குழைந்துவிடும். குழைந்த பருப்பில் காற்று போக இடைவெளி இருக்காது, பூஞ்சைக்கு மூச்சு முட்டும். கொதி வந்து கால் மணி நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். நகத்தால் அழுத்தினால் உடைய வேண்டும், ஆனால் தானாக மசியக் கூடாது. போளிக்கு வேகவைக்கும் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். சோயா அப்படி அவசரப்படாது. ஒரு மணி நேரம் நிதானமாகக் கொதித்தது. ஊறல் தண்ணீரையும் கொதித்த தண்ணீரையும் கொட்டிவிடுவதில் இன்னொரு நன்மை உண்டு. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் கணிசமான பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. கடலைப்பருப்பு என்றாலே ஒதுங்கும் என் அப்பாவை நினைத்துத்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்ததாக உலர்த்துவது. தெம்பே கெட்டுப்போவதற்கு முதல் காரணம் பருப்பின் மேல் நிற்கும் ஈரம். ஈரத்தில் பாக்டீரியா முந்திக்கொள்ளும், பூஞ்சை பின்தங்கும், பருப்பு வழவழத்துப் போகும். வடிதட்டில் நன்றாக வடித்து, வெயிலில் காய்ந்த வேட்டித் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஃபேனைச் சுழலவிட்டேன். நடுவில் ஒருமுறை துணியின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி, மறுபடி பரப்பினேன். எடுத்துப் பார்த்தால் பருப்பின் மேல் பளபளப்பு போய், மங்கலாக இருக்க வேண்டும். ஒரு பருப்பை உள்ளங்கையில் உருட்டினால் ஈரத்தடம் விழக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் போதும், அது பூஞ்சைக்குத் தேவையும்கூட. இந்த உலர்த்தலிலேயே சூடும் இறங்கிவிடும். 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது வித்துகளைத் தூவக் கூடாது. கன்னத்தில் ஒரு பருப்பை வைத்துப் பார்த்தால் சூடாகவும் தெரியாமல் குளிர்ச்சியாகவும் தெரியாமல் இருந்தால் சரி.

வெளியிலிருந்து வாங்க வேண்டிய ஒரே பொருள் ஸ்டார்ட்டர் பொடி. அரிசி மாவில் பூஞ்சையின் வித்துகள் கலந்து, சாம்பல் நிறத்தில், வாசமே இல்லாமல் இருக்கும். அரைக் கிலோ உலர்ந்த பருப்புக்கு ஒரு டீஸ்பூன் என்று என் பொட்டலத்தில் போட்டிருந்தது. அளவு பொடிக்குப் பொடி மாறும், பொட்டலத்தில் சொன்னதையே பின்பற்றுங்கள். தூவிவிட்டு, சாதத்தில் பருப்புப்பொடி பிரட்டுகிற மாதிரி நிதானமாக, ஒரு பருப்பும் விடுபடாமல் பிரட்ட வேண்டும். கை, கரண்டி, பாத்திரம் எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். ஜாவாவில் முன்பெல்லாம் பொடி கிடையாது. நம் பூவரசுக்கு உறவான ஒரு செம்பருத்தி இன மரத்தின் இலைகளை, சொரசொரப்பான அடிப்பக்கம் தெம்பேயைத் தொடும்படி வைப்பார்கள். வித்துகள் அங்கே இருக்கும் மெல்லிய மயிர்களில் பிடித்துக்கொள்ளும். இலையை உலர்த்தி எடுத்துவைத்து, அடுத்த முறைக்கு அதையே உறைமோர் போலப் பயன்படுத்துவார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு பூஞ்சையை இலையில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. டச்சு விஞ்ஞானி பிரின்சன் கெயர்லிக்ஸ் 1895இல் தெம்பேயின் பூஞ்சையை இனம் கண்டு எழுதியதற்கு எவ்வளவோ முன்பே, அதை எப்படிப் பேணுவது என்று ஜாவா மக்களுக்குத் தெரிந்திருந்தது.

கட்டுவதற்கு வருகிறேன். ஜிப் கவர் என்றால் கோணி ஊசியால் முன்னும் பின்னும் ஒரு விரல் அகல இடைவெளியில் துளை போட வேண்டும். பூஞ்சைக்குக் காற்று தேவை, ஆனால் தாராளமாகக் கிடைத்தால் அது சீக்கிரமே வித்து விட்டுக் கறுத்துப்போகும். அளவான காற்றுக்குத்தான் இந்தத் துளைகள். பருப்பை நிரப்பி, ஒரு அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் தட்டிச் சமன் செய்து மூடினேன். வாழையிலையை அடுப்பு அனலில் காட்டி வாட்டி, நடு நரம்பை நீக்கி, இரண்டு துண்டைக் குறுக்கு நெடுக்காக வைத்து, நடுவில் பருப்பைக் குவித்து அமுக்கி, பொட்டலம் மடித்து வாழைநாரால் கட்டினேன். இலைக்குத் துளை வேண்டாம். மடிப்புகளுக்கு நடுவே போகிற காற்றே சரியான அளவு. ரொம்ப இறுக்கவும் வேண்டாம், உள்ளே பருப்பு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பொட்டலங்களை நேராக மேசைமேல் வைத்தால் அடியில் காற்று போகாது, வியர்த்துவிடும். இட்லித் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் வைத்தேன். குழிகளில் ஓட்டையும் இருப்பதால் இதைவிடப் பொருத்தமான தாங்கி கிடைக்காது.

முதல் பன்னிரண்டு மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஜிப் கவரின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய ஆவி படிந்தது. அப்புறம் பருப்புகளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள். அதற்குள் பொட்டலம் தானாகச் சூடேறத் தொடங்கிவிட்டது. இதை யாரும் சொல்லாமல் விட்டுவிட்டால் நம் ஊரில் தெம்பே தேறாது. வளரும் பூஞ்சை தானே வெப்பத்தை உண்டாக்கும். குளிர்நாட்டில் அது வரம். சென்னை ஏப்ரலில் அது ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டினால் பூஞ்சை சோர்ந்துபோய், சூடு விரும்பும் பாக்டீரியாவுக்கு இடம் விட்டுவிடும். மாலையில் பொட்டலத்தின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தபோது 38 காட்டியது. உடனே நான்கையும் தள்ளித் தள்ளி வைத்து, தரையில் ஃபேனுக்கு நேர் கீழே இறக்கினேன். அரை மணி நேரத்தில் 33க்கு வந்தது. அப்புறம் காலை வரை அங்கேயே இருந்தன. கோடையில் செய்பவர்கள் கணக்கைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் கட்டினால் சூடேறும் நேரம் இரவில் வரும், அறையும் குளிர்ந்திருக்கும். மாலையில் கட்டினால் அது மறுநாள் உச்சி வெயிலில் வந்து நிற்கும்.

இருபத்தெட்டு மணி நேரத்தில் கடலைப்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். இலை மஞ்சள் பாரித்திருந்தது. உள்ளே பருப்பின் மஞ்சளே தெரியவில்லை. ஏதோ பஞ்சுத் தலையணையை வெட்டி வைத்த மாதிரி ஒரே வெள்ளை. கையில் எடுத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் பலகையாக நின்றது, ஒரு பருப்பும் உதிரவில்லை. கத்தியால் குறுக்கே வெட்டியபோது உள்ளே மஞ்சள் பருப்புகள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைக் கோடு. வாசம் புதுக் காளான் வாசம். சோயா பொட்டலங்களுக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம் பிடித்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "பூசணம் பிடிச்சதைக் குப்பையில போடாம, வெட்டி வேற வைக்கிறியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் செய்பவர்கள் எல்லாரும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வியும்கூட. வெள்ளை நல்லது. துளை போட்ட இடங்களில் சாம்பல் அல்லது கறுப்புத் திட்டு தெரிந்தால் அது அதே பூஞ்சையின் வித்து, அதனால் கெடுதல் இல்லை. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறம் தெரிந்தாலும், பருப்பு வழுக்கினாலும், நூல் விட்டாலும், அழுகிய நாற்றம் வந்தாலும் ருசி பார்க்காமல் முழுப் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடுகிற வேலை வேண்டாம். அமோனியா நெடி லேசாக அடித்தால் அதிகம் முற்றிவிட்டது என்று பொருள். ஜாவாவில் வேண்டுமென்றே முற்றவிட்ட தெம்பேயைச் சம்பால் என்ற மிளகாய் விழுதில் வாசனைக்காக அரைத்துச் சேர்ப்பார்கள், ஆனால் அது பழகிய கைக்கு உரியது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நமக்கு எதிலும் தேங்காய் சேர்க்கும் பழக்கம் உண்டு. தெம்பே கட்டும்போது தேங்காயோ, தேங்காய்ப் பிண்ணாக்கோ, பால் பிழிந்த சக்கையோ ஒரு துளியும் சேர்க்காதீர்கள். ஜாவாவில் தேங்காய்ச் சக்கையில் செய்த தெம்பே போங்க்ரெக் என்ற வகை பல உயிர்களைப் பறித்திருக்கிறது. தேங்காயில் வளரும் ஒரு பாக்டீரியா போங்க்ரெகிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, சமைத்தாலும் அழியாது. இந்தோனேசியா 1988இல் அந்த வகையின் உற்பத்தியைத் தடை செய்தது. சமைக்கும்போது தேங்காய்ப்பால் விடுவதில் பிரச்சினை இல்லை. கட்டி வைக்கும்போதுதான் கூடாது.

சரி, சமையல். ஜாவாக்காரர்கள் செய்கிறபடியே முதலில் செய்தேன். பூண்டு, தனியா, உப்பு, கொஞ்சம் மஞ்சள் நான்கையும் அரைத்துத் தண்ணீரில் கரைத்து, அரை அங்குலத் துண்டுகளை அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, எண்ணெயில் பொரித்தேன். தெம்பே அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டதால் உப்பும் பூண்டும் உள்ளே வரை போயிருந்தன. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வேகவைத்த பருப்பின் மென்மை. கேள்வி கேட்ட அம்மாதான் இரண்டாவது தட்டைக் கேட்டார். ஜாவாவின் பான்யுமாஸ் பகுதியில் செய்யும் மெண்டோவானும் செய்து பார்த்தேன். தெம்பேயைத் தாள் கனத்துக்கு அகலமாகச் சீவி, அரிசி மாவும் மைதாவும் தனியாவும் நறுக்கிய வெங்காயத்தாளும் கலந்த தளர்ந்த மாவில் தோய்த்து, முழுக்க மொறுகவிடாமல், பாதி வேக்காட்டிலேயே எடுத்துவிட வேண்டும். பஜ்ஜிக்குப் பழகிய கை கொஞ்சம் அதிக நேரம் விடத்தான் பார்க்கும். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சூடாகச் சாப்பிட்டால் மழைநாளுக்கு அருமை.

நம் முறையில் எனக்குப் பிடித்தது மிளகு வறுவல். துண்டுகளை முதலில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் இளக்கம் கொடுத்து மசாலாவை நன்றாக ஏற்கும். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் துண்டுகளைப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்த பிறகு கொரகொரப்பாகப் பொடித்த மிளகையும் சீரகத்தையும் தூவி இறக்க வேண்டும். புளிக்குழம்புக்குச் சோயா தெம்பேதான் ஏற்றது. அது கெட்டியானது, கொதியில் உடையாது. கடலைப்பருப்புத் தெம்பே இனிப்பும் மென்மையும் கூடுதல். குழம்பில் ஓரம் கரைந்துவிடுகிறது, பொரித்தாலும் வறுத்தாலும் ருசியில் சோயாவை மிஞ்சுகிறது. இலைப் பொட்டலத்துக்கும் ஜிப் கவருக்கும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இலையில் கட்டியதில் கறுப்புத் திட்டு ஒன்றுகூட இல்லை, இலையின் வாசமும் மெல்லியதாக ஏறியிருந்தது. இனி எனக்கு இலைதான்.

மீல் மேக்கரில் செய்யலாமா என்று என் தங்கை கேட்டாள். அது எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திச் செய்த பொருள், பூஞ்சை பற்றிப் பிணைக்க அதில் முழுப் பருப்பு இல்லை, வேண்டாம். தோல் நீக்கிய உளுந்து வெந்தால் வழவழப்பாகிவிடும், அதுவும் வேண்டாம். தட்டைப்பயறு நன்றாக வரும். ஊறிய பிறகு கையால் தேய்த்தாலே தோல் கழன்றுவிடும், சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. ராஜ்மாவில் முயல்பவர்கள் முழுக் கொதியில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகும் வரை வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

பிரித்த தெம்பே உயிரோடுதான் இருக்கிறது. அடுக்கி வைத்தால் ஃப்ரிட்ஜிலும் சூடேறி முற்றும். அன்றைக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை ஆவியில் பதினைந்து நிமிடம் வேகவைத்து, ஆறவிட்டு, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள் வரை நன்றாக இருக்கும். ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். எப்படியானாலும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

மார்கழியிலும் அடைமழை நாள்களிலும் நம் அறையும் 25 டிகிரிக்குக் கீழே போகும். அப்போது தெர்மாகோல் பெட்டிக்குள் கம்பி வலை போட்டுப் பொட்டலங்களை வைத்து, ஓரத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி வைத்து, மூடியை விரல் அகலம் திறந்து விடுங்கள். தண்ணீர் ஆறியதும் மாற்றுங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து பொட்டலம் கைக்குச் சூடாகத் தெரியும்போது பாட்டிலை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் பாட்டில் உள்ளே இருந்தால் சூடு மிஞ்சிவிடும்.